பதிமூன்று முடிவும் ஓர் ஊசி முனையும்

புதிதாகச் சேரும் டெய்லர்களுக்குப் பாடம் சொல்ல எங்கள் பழைய பனியன் கம்பெனியின் பயிற்சி அறையில் இப்போது ஒரு வீடியோ கேம் வைத்திருக்கிறார்கள். தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். நான் முதலில் ஆடிப் பார்த்தபோது அந்த கேமில் ஊசி உடைவதற்கு நாற்பது நிமிடம் ஆனது.

அதற்கு முன்னால் கதாநாயகி ஊரிலிருந்து பஸ் ஏற வேண்டும். அவளுடைய அப்பா அவளோடு ஏன் பேசுவதில்லை என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். விடுதியில் ஒரு தோழி வருகிறாள். தோழிக்கு ஒரு ரகசியம். கட்டிங் மாஸ்டர் ஒருவர் கதாநாயகியைப் பார்த்துச் சிரிக்கிறார். பதிலுக்குச் சிரிக்கலாமா, முறைக்கலாமா என்று திரை நம்மைக் கேட்கிறது. சிரித்தால் கதை ஒரு பக்கம் போகும், முறைத்தால் இன்னொரு பக்கம். சாயப்பட்டறையில் ஒரு பேய்கூட உண்டு. இப்படிப் பிரிந்து பிரிந்து மொத்தம் பதிமூன்று முடிவுகள். தைத்த சரக்கைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருபத்தேழு வருடம் இருந்தவள் சொல்கிறேன்: ஊசி உடைந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எல்லாத் துண்டும் கிடைத்ததா, இல்லையா?

கதை எவ்வளவு சிக்கலோ அவ்வளவு சுவை என்று இதைச் செய்தவர்கள் நம்பினார்கள். செய்தவர்களில் ஒருத்தி என் மகள் அபிநயா.

எனக்குப் பிறகு ஃபைனல் செக்கிங் பொறுப்புக்கு வந்த சாந்திதான் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க ஒருக்கா வந்து அந்த கேமை ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பிடியே நம்ம ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துருங்க. போட்டோவோட போடறோமுங்க" என்றாள். அவள் கேட்டது பெருமையாகப் படிக்கக்கூடிய ரெண்டு பக்கம். நான் எழுதுவது வேறு. என் அனுபவத்தில் ஒரு டெய்லருடைய நல்ல பெயர் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் எழுதுகிறேன்.

என் வேலைக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். குன்னத்தூரில் பிறந்தேன். வேதியியலில் பட்டம் வாங்கினேன். பட்டத்தோடு பெருமாநல்லூருக்கு பஸ் ஏறி, முதல் வருடம் முழுக்க பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டினேன். இரண்டாம் வருடம் எண்ணெய்க் கறையையும் துருக்கறையையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தது. மூன்றாம் வருடம் எனக்கு ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். அதற்குமேல் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியவர் ஞானராஜ் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தர மேலாளர். சட்டைப் பையில் பேனா இருக்காது. நூல் வெட்டும் சின்னக் கத்தரி இருக்கும். யாராவது பழுதான சரக்கைக் கொண்டுவந்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் தடுக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருக்கும் துணியில் பிசிறு நூலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே கேட்பார். சாயப்பட்டறைக்காரர் வந்து, மழை பெய்தது, தண்ணீர் கலங்கியது, பாய்லர் ஆள் ஊருக்குப் போய்விட்டான், அவன் மச்சானுக்குக் கல்யாணம் என்று அரைமணி நேரம் சொல்வார். சார் கடைசியில், "முடிஞ்சுதா? சரி. துணி என்ன சொல்லுது?" என்பார். துணி என்ன சொல்லும்? இடது கை ஒரு நீலம், வலது கை ஒரு நீலம் என்று சொல்லும்.

எங்களிடம் அவர் சொல்லித் தந்த ஒரே தத்துவம் இதுதான்: "கதை நீளமா இருந்தா ஓட்டை பெருசா இருக்குன்னு அர்த்தம். பிடிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாரு."

நான் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில்கூட யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் பால் வாங்கிவர மறந்துவிட்டு விளக்கம் சொன்னால், "முடிஞ்சுதுங்களா? பால் எங்கீங்க?" என்பேன். அபி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஒரு படியும் குறையாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தவறு இந்தப் படிகளில் ஒன்றில்தான் இருக்கிறது.

தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் மிஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில் இருக்கும் உடுப்பு பீஸ் ஒன்றும் நகரக்கூடாது. உடைந்த துண்டுகளை எல்லாம் எடுத்து, ஊசி நோட்டில் அன்றைய பக்கத்தில், முழு ஊசி மாதிரி வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்ட வேண்டும். செக்கிங் பொறுப்பில் இருப்பவர் அதே நம்பரில் ஒரு புது ஊசியைப் பக்கத்தில் வைத்து, லென்ஸ் பிடித்து, நீளமும் தடிமனும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்திருந்தால்தான் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால்தான் டெய்லருக்குப் புது ஊசி. பழையது கொடுக்காமல் புதியது கிடைக்காது. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே இருக்கும் பீஸ் எல்லாம் சிவப்புப் பெட்டிக்குப் போகும். தரையைக் காந்தத்தால் துழாவுவார்கள். கிடைக்கும்வரை தையல் லைன் ஓடாது. ஏன் இவ்வளவு பாடு? நாங்கள் தைத்தது கைக்குழந்தை உடுப்பு. முனை உள்ளே இருந்தால் குழந்தையைக் குத்தும்.

இதுதான் பாடம். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதும். என் மகளுக்குப் பேய் தேவைப்பட்டது.

அபி இன்ஜினியரிங் படித்தாள். கோயமுத்தூரில் நல்ல வேலைக்குப் போனாள். ஒன்றரை வருடத்தில் அதை விட்டுவிட்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து கேம் செய்கிறேன் என்றாள். பெண் கேட்டு வந்த ஒரு அம்மா, "புள்ள என்ன வேலை பாக்குதுங்க?" என்று கேட்டார். "கேம் பண்றாளுங்க" என்றேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நாள் பூராவும் வெளையாடீட்டே இருக்குமுங்களா?" என்றார். அவர்கள் மறுபடி வரவில்லை.

எங்கள் பழைய கம்பெனியே அவர்களுக்கு இந்தப் பயிற்சி கேமை ஒப்படைத்தபோது கொஞ்சம் நிம்மதி வந்தது. கம்பெனியின் எல்லா யூனிட்டுக்கும் இது போகப் போகிறது. ஆடிப் பார்க்கும் நாளைக்கு முந்தின நாள் காலையில், இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏங்கண்ணு, ஊசி உடையற பாடத்துக்குப் பேய் எதுக்கு?"

"அது பேய் இல்லம்மா. அவளோட குற்ற உணர்ச்சி."

"குற்ற உணர்ச்சிக்குச் சாயப்பட்டறைல என்ன வேலை?"

"உனக்குப் புரியாது. கதை இல்லாம, துண்டைத் தேடுன்னு சும்மா சொன்னா எவம்மா தேடுவா? ஏன் தேடோணும்னு மனசுல பதியோணுமில்ல?"

"கொழந்தையக் குத்தும். அதான் தேடோணும்."

"அது ஒரே வரிம்மா!"

"ஒரு வரி பத்தாதா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீயி பாரு, நாப்பதாவது நிமிஷத்துல உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்குது" என்றாள்.

மறுநாள் பயிற்சி அறையில் எட்டுப் பெண்கள் கையில் ஆளுக்கொரு டேப்லெட். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அபி பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். முதல் அரைமணி நேரத்தைப் பற்றி நான் நியாயமாகவே சொல்ல வேண்டும்: பெண்கள் ரசித்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, இந்தக் கட்டிங் மாஸ்டரு நல்லவரா கெட்டவரா? எனக்கென்னமோ ஆளு சரியில்ல" என்றாள். பக்கத்துப் பெண், "நீ முறைச்சிருக்க, அதான். நான் சிரிச்சேன், எனக்கு நல்லவராத்தான் இருக்காரு" என்றாள். ஏழு பேர் கட்டிங் மாஸ்டருடைய நடத்தையை விசாரித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஊசி உடைந்தது. ஒருத்திகூட கவனிக்கவில்லை. சுவை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது ஊசியில் இல்லை. மாத்திரையை ஜிலேபிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ஜிலேபியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டார்கள்.

எட்டாவது பெண் மட்டும் விலக்கு. ஒடிசாக்காரி, பெயர் சுமித்ரா, சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. கேமில் இருந்த இந்திக் குரலுக்கும் அவள் காத்திருக்கவில்லை. திரையின் மூலையில் 'தாண்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவள் அதைத் தட்டித் தட்டி, அப்பா, தோழி, பேய், காதல் எல்லாவற்றையும் நாலே நிமிடத்தில் தாண்டிவிட்டு ஊசிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஊசித் துண்டுகளைத் தேடும் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இசை இல்லை, வசனம் இல்லை. மிஷினின் அடி, துணி மடிப்பு, தரை, டெய்லருடைய மடி. நாம் விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். கிடைத்த துண்டை இழுத்து வந்து புது ஊசிக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் ஒத்துக்கொள்ளாது. நான் மூன்று முறை ஆடினேன். சுமித்ரா ஐந்தாவது முறை ஆடிக்கொண்டிருந்தாள். அறையில் பேச்சு நின்றிருந்தது. மதுரைப் பெண்ணே கட்டிங் மாஸ்டரை மறந்திருந்தாள்.

"இது நல்லா இருக்குது கண்ணு" என்று அபியிடம் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கியது. "இதை எங்க பிரதீப் ரெண்டு நாள்ல பண்ணுனான். கதைக்கு நான் ஏழு மாசம் உக்காந்தேன்."

அதற்குப் பிறகு அந்தச் சர்ப்ரைஸ் வந்தது.

கதாநாயகி இப்போது வளர்ந்து செக்கிங் பொறுப்புக்கு வந்துவிட்டாள். விளிம்பை மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினில் நாகம்மா என்று ஒரு டெய்லர். அவளுடைய ஊசி உடைகிறது. முனை கிடைக்கவில்லை. அவள் வேறு ஓர் ஊசியின் முனையை நோட்டில் ஒட்டி ஏமாற்றப் பார்க்கிறாள். கதாநாயகி லென்ஸ் பிடித்து, முனை தடிமனாக இருப்பதைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றுகிறாள். நாகம்மா தலைகுனிந்து கேட்டைத் தாண்டி வெளியே போகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அபி என் தோளில் கை வைத்தாள். "நீதாம்மா அது."

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது வீட்டில் நான் சொன்ன சம்பவம். ஒரு முறை அல்ல, பல முறை சொன்னது. உறவுக்காரர்கள் வந்தால் அவளே, "அம்மா, அந்த ஊசிக் கதையச் சொல்லு" என்று கேட்பாள்.

அப்போதுதான் சுமித்ரா கையைத் தூக்கினாள். கதையைத் தாண்டி வந்தவளுக்கு முன்னால் அந்த நோட்டின் பக்கம் மட்டும் இருந்தது.

"அக்கா, இந்த முனை வேற ஊசி. நாகம்மாக்கு எங்கே கிடைச்சது?"

"எங்கே கிடைச்சதுன்னா?" என்றாள் அபி.

"பழசு குடுத்தாதானே புதுசு. பழசு எல்லாம் உள்ளே போயிடும். டெய்லர் கையிலே வேற ஊசி முனை எப்பிடி வரும்? வராதே."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அபியும் பார்த்தாள். பதிமூன்று முடிவு, ஏழு மாதம், ஒரு பேய். இந்த ஓட்டையை யாரும் பார்த்திருக்கவில்லை. தாண்டு பொத்தானைத் தட்டிக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"ஆமாம்மா. நெசத்துல அது எங்க இருந்து வந்துச்சு?" என்றாள் அபி.

"கீழ எங்கியாச்சும் கெடந்திருக்கும்" என்றேன்.

"கீழே டெய்லி மேக்னட் போடறாங்களே அக்கா" என்றாள் சுமித்ரா. அவளிடம் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

"அதும் விட்டுப்போயிருக்கும்" என்றேன். அபி நோட்டில் வேகவேகமாக எழுதினாள். "இது நல்லாருக்கும்மா! காந்தம் போடற ஆளு வில்லனோட கையாளு. பதினாலாவது முடிவு!"

எனக்கு டீ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாகம்மாவுடைய நிஜப் பெயர் பேச்சியம்மா. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். எங்கள் லைனில் அவள் கைக்கு நிகரான பேட்லாக் டெய்லர் கிடையாது. அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பழைய டெய்லர்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். லைன் சூப்பர்வைசர் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். அதற்குள் உடைந்த ஊசி முனைகள். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு முனை கிடைக்காவிட்டால் லைனை நிறுத்தாமல், தீப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து ஒட்டச் சொல்வார். நோட்டு நிரம்பிவிடும். தேடுதல் சாவகாசமாக நடக்கும், அல்லது நடக்காது. அந்தத் தீப்பெட்டியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குக் குழந்தை உடுப்பு போக வேண்டிய நாள். பேச்சியம்மா நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று துண்டு, மேலே டேப். என் மேசையில் லென்ஸ் இருந்தது. புது ஊசிப் பொட்டலம் இருந்தது. நான் பேக்கிங் ஆளோடு பேசிக்கொண்டே, நோட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மா ஒரு நொடி நின்றாள். "அக்கா, ஒருக்கா பாத்துருங்களேன்" என்றாள். "நீ ஒட்டுனதுல என்ன பாக்கறது, போ சாமி" என்றேன்.

மூன்று மணிக்கு பேக்கிங்கில் ஊசி கண்டுபிடிக்கும் மிஷின் கத்தியது. சரக்கை வாங்கும் பையருடைய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஞானராஜ் சார் அந்தக் குட்டிக் காற்சட்டையை வாங்கி, இடுப்பு மடிப்பைத் தன் கத்தரியால் பிரித்தார். காந்தத்தில் முனை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நம்பர் ஊசி முனை. நோட்டை வரவழைத்து, டேப்பை உரித்து, பக்கத்தில் வைத்தார். நோட்டில் இருந்த முனை பதினோராம் நம்பர். ஒரே ஊசிக்கு இரண்டு முனை.

"இதைப் பாத்தது யாரு?" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள், வெளிச்சம் மங்கல். அந்த வெளிச்சத்திலும் லென்ஸ் பிடித்துப் பார்த்தேன், அப்போது எல்லாம் ஒத்திருந்தது. பிறகு என்னை பேக்கிங்குக்குக் கூப்பிட்டார்கள். நோட்டு மேசையிலேயே இருந்தது. பேச்சியம்மாவுடைய மிஷின் அதற்கு நாலு எட்டுத் தூரம்தான். அவள் இரண்டு முறை தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். இரண்டாவது முறை திரும்பி வர நேரமானது, அப்போதுதான் நோட்டில் முனையை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். இதையெல்லாம் அங்கேயே நின்றுகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினேன். ஆள் இருந்தது, நேரம் இருந்தது, தண்ணீர்ப் பானைகூட இருந்தது. இப்போது யோசித்தால், என் மகளுக்குக் கதை எழுதும் திறமை எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சார் தலையைக் குனிந்து அந்தக் காற்சட்டையில் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பேச்சியம்மாவைப் பார்த்தார்.

"சூப்பர்வைசர் தீப்பெட்டில இருந்து எடுத்துக் குடுத்தாரு, ஒட்டுனேன். அக்கா பாக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"என்ன தீப்பெட்டி?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே பேச்சியம்மாவை நிறுத்தினார்கள். ஊசி மாற்றி ஒட்டியதற்காக நிறுத்தப்பட்டவர் என்று பெயரோடு ஒரு தாள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கதை நீளமானால் ஓட்டை பெரிது என்று சொல்லித் தந்த மனிதர் என் கதையை ஏன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை? பையரிடம் சொல்ல அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நான் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அந்தத் தீப்பெட்டி காணாமல் போனது. ஒரு வாரம் கழித்து சார் என் மேசைக்கு வந்து, "சரஸ்வதி, அன்னைக்கு நீ சொன்னது நல்லா இருந்துச்சும்மா. கேக்க" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டில் நான் அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். அதில் நானே கண்டுபிடித்தவளாக ஆகிவிட்டேன். ஒன்பது வயதுக் குழந்தை கை தட்டியது.

ஆடிப் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அபி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். "நாளைக்கு எல்லா யூனிட்டுக்கும் அனுப்பீருவோம்மா. அந்த முனை எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லீரு" என்றாள். எல்லா யூனிட்டுக்கும் என்றால் ஆயிரக்கணக்கான பெண்கள். அதில் பழைய டெய்லர்கள் எத்தனையோ பேர். நாகம்மா யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? பலகையில் ஒட்டிய தாளையாவது ஒரு மாதத்தில் கிழித்தார்கள். இது கிழியாது.

சொன்னேன். மேலே எழுதியது போல இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்துதான் சொன்னேன். நான் முடித்த பிறகு அபி லேப்டாப்பை மூடினாள்.

"நாலாவதுல 'என் அம்மா'ன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. நான் என்ன எழுதுனேன்னு ஞாபகம் இருக்குதாம்மா?"

இருந்தது. அந்த ஊசிக் கதையைத்தான் எழுதியிருந்தாள், அதை வாசற்கதவில் ஒட்டி வைத்திருந்தோம்.

"அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல கண்ணு."

"தேடோணும்னா தேடலாமில்ல?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தேடினால் அரை நாளில் கிடைக்கக்கூடிய ஆள். பதினைந்து வருடமாக நான் தேடவில்லை, அவ்வளவுதான். அருள்புரத்தில் ஒரு யூனிட்டில் தைக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் கேட்டில் நின்றேன். மரத்தடியில் தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அக்காவா? கண்ணாடி போட்டுட்டீங்க" என்றாள். உட்காரச் சொல்லி இடம் ஒதுக்கினாள்.

நான் தொடங்கினேன். "பேச்சி, அன்னைக்குக் காலைல கரண்ட் போயி, ஜெனரேட்டர் வெளிச்சத்துல..."

"கரண்ட் போனது அன்னைக்கு இல்லக்கா. அதுக்கு மொத நாளு. பீஸ் ரேட்டுக்காரிக்குக் கரண்ட் போனா கூலி போச்சு, அந்த நாள் மறக்குமா?"

அந்த மங்கல் வெளிச்சத்தை நான் நிஜமென்றே நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் என் கதையை முதலில் வாங்கி ஏமாந்தவள் நான்தான் போலிருக்கிறது. மறுபடி ஏதோ சொல்ல வந்தேன். பையருடைய ஆள், பேக்கிங் அவசரம், அபி அப்போது சின்னக் குழந்தை...

பேச்சியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினாள். "கதை வேண்டாம்க்கா. எழுதிக் குடுங்க."

"யாருக்கு?"

"எழுதித்தான பலகைல ஒட்டுனாங்க? அதே மாதிரி, எல்லாரும் படிக்கிற எடத்துல எழுதிக் குடுங்க. எம் மக அந்தப் பலகையப் படிச்சுட்டுத்தான் அன்னைக்கு ஊட்டுக்கு வந்தா. அவளும் அங்கதான் நூல் வெட்டிக்கிட்டு இருந்தா." பிறகு, "சாப்பிடுறீங்களா?" என்றாள். சாப்பிடவில்லை. மணி அடித்தது, அவள் உள்ளே போனாள்.

அபி கேமைச் சொன்னபடி திங்கட்கிழமை அனுப்பவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டாள். நாகம்மா இல்லை, அப்பா இல்லை, பேய் இல்லை. கட்டிங் மாஸ்டரைக் காணோமே என்று மதுரைப் பெண் வருத்தப்பட்டதாக சாந்தி சொன்னாள். ஊசி முதல் நிமிடத்திலேயே உடைகிறது. கடைசியில் கையெழுத்துப் போடும் இடம் வருகிறது. புது ஊசியைப் பக்கத்தில் வைக்காமல் போட்டால், எத்தனை முறை போட்டாலும், கையெழுத்து பதியாது. அதற்கு ஒரு விளக்கமும் திரையில் வராது. சுமித்ரா இப்போது மற்றவர்களுக்கு அதைச் சொல்லித் தருகிறாளாம். அபி என்னோடு பேசுகிறாள், ஆனால் அளவாகப் பேசுகிறாள். ஊசிக் கதையைச் சொல்லு என்று இனிக் கேட்க மாட்டாள்.

சாந்தி, நீ ரெண்டு பக்கம் கேட்டாய், இது நீண்டுவிட்டது. நான் எழுதினால் நீளும் என்பது இப்போது உனக்கும் தெரிந்திருக்கும். போட்டோ வேண்டாம். மலரில் இடம் போதாவிட்டால் மேலே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கீழே இருப்பதை மட்டும் என் பெயரோடு போடு.

பேட்லாக் டெய்லர் பேச்சியம்மா அன்று நோட்டில் ஒட்டிய முனை, சூப்பர்வைசர் தீப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.